நெஞ்சுவலி என்று சொல்வதை நிறுத்துவோமா?

நம்மாட்கள் சாவுக்குச் சொல்லும் காரணங்களிலேயே எனக்கு அடியோடு பிடிக்காதது "திடீர் நெஞ்சுவலி". நிஜமான நெஞ்சுவலியைச் சொல்லவில்லை. இருபத்தாறு வயசுப் பையன், கல்யாணமாகி ஏழே மாசமான பெண், மாம்பழ வியாபாரத்தில் நொடித்துப்போன ஐம்பது வயசு அண்ணாச்சி, இவர்களுக்கெல்லாம் வருகிறதே ஒரு நெஞ்சுவலி, அதைச் சொல்கிறேன். ஊர்க் குழுவில் செய்தி வரும். கீழே முப்பது பேர் கைகூப்பிய படம் போடுவார்கள். கால்மணி நேரம் கழித்து யாராவது ஒருத்தர் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங், விசயம் தெரியுமுங்களா?" என்பார். எல்லாருக்கும் தெரிந்திருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். செத்தவனின் அம்மா மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டு, அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பாள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். முதலில் ஊர்ப்பக்கம், இப்போது லண்டனில். ஆகவே மருத்துவம் பேசப் போவதில்லை. கணக்கும் சட்டமும் ஊர்வாயும் பற்றித்தான் பேச்சு.

இந்தப் பொய்க்கு மூன்று காரணம் சொல்வார்கள். போலீஸ், இன்சூரன்ஸ், ஊர். முதல் இரண்டும் இப்போது செல்லாது.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மீது கேஸ் போடும் 309-ம் பிரிவு வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புது தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. ஆனாலும் "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா போலீஸ் கேஸ் ஆயிடுமுங்க" என்று வீட்டுக்குள்ளேயே வைத்து வைத்தியம் பார்க்கிற கொடுமை இன்னும் நடக்கிறது.

இன்சூரன்ஸ் கதை அதைவிட மோசம். "காரணம் தெரிஞ்சா எல்.ஐ.சி. பணம் வராது" என்று ஊரே நம்புகிறது. வாங்கிய பாலிசியின் தாளை யாரும் படிப்பதில்லை (படிக்கும்படி நாங்களும் அச்சடிப்பதில்லை, அது வேறு விஷயம்). ஆயுள் காப்பீட்டில் தற்கொலை விலக்கு என்பது பாலிசி தொடங்கிய, அல்லது காலாவதியாகிப் புதுப்பித்த நாளிலிருந்து முதல் 12 மாதத்துக்குத்தான். அதற்குள் நடந்தால்கூட கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் நாமினிக்குத் திரும்பி வரும். 12 மாதம் தாண்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க வழியில்லை. எந்தக் காரணத்துக்குப் பயந்து பொய் சொல்கிறோமோ அந்தக் காரணமே இல்லை. மாறாக, படிவத்தில் ஒரு காரணமும் போலீஸ் ரிப்போர்ட்டில் வேறு காரணமும் இருந்தால்தான் பணம் நிற்கும்.

ஆக மிச்சம் இருப்பது ஊர். என் சண்டை அதோடுதான்.

எங்கள் கோவிந்தாபுரம் எல்லை ஊர். பொள்ளாச்சியிலிருந்து அம்பராம்பாளையம் வழியாக வந்தால் செக்போஸ்ட். அதைத் தாண்டினால் கேரளம், முதலமடை மாந்தோப்புகள், அப்புறம் கொல்லங்கோடு. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், சந்தைக்குப் போவது பொள்ளாச்சி. இரண்டு பக்கத்துக் கெட்ட வார்த்தையும் எங்களுக்குத் தெரியும் என்று சின்ன வயதில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒருத்தனைப் பைத்தியம் என்று கிண்டல் செய்ய தமிழ்ப்பக்கம் "கீழ்ப்பாக்கம்" என்பார்கள். மலையாளப்பக்கம் "குதிரவட்டம்" என்பார்கள், தெற்கே போனால் "ஊளம்பாறை". மூன்றும் மருத்துவமனை இருக்கும் இடங்களின் பெயர்! நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்க்கிற ஊரின் பெயரைச் சொல்லி யாரையாவது கிண்டல் செய்திருக்கிறோமா? 1794-ல் ஆரம்பித்த மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துடையது. அங்கே நீண்டகாலம் கண்காணிப்பாளராக இருந்தவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்காமல் 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021-ல் காலமானார். பத்மபூஷண் வாங்கியவர். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வடிவேலு கீழ்ப்பாக்கம் ஜோக் சொன்னால் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

படித்தால் இதெல்லாம் போய்விடும் என்று ஒரு நினைப்பு உண்டு. போகாது. 2022-ம் ஆண்டு தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 25.9, கேரளத்தில் 28.5. எழுத்தறிவிலும் ஆஸ்பத்திரியிலும் நாடே மெச்சுகிற இரண்டு மாநிலம், இரண்டு மடங்குக்கும் மேல். (மற்ற மாநிலங்களில் மறைப்பது இன்னும் அதிகம், நம்மூரில் பதிவாவது ஒழுங்காக ஆகிறது என்று ஒரு நண்பர் வாதிடுவார். இருக்கலாம். அதனால் நம்முடைய எண் குறைந்துவிடாது.) நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்றது. பத்துப் பேருக்கு நோய் என்றால் ஏழெட்டுப் பேர் டாக்டரிடம் போகவே இல்லை. அப்படியென்றால் எங்கே போகிறார்கள்?

கோவிலுக்கும் தர்காவுக்கும் ஜெபத்துக்கும் போகிறார்கள். இங்கேதான் நான் இரண்டு தரப்பிடமும் அடி வாங்கப் போகிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதல் படி ஆனைமலை மாசாணியம்மன். நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால் கெடுதல் செய்தவனைத் தாயே பார்த்துக்கொள்வாள். அடுத்த படி சோட்டானிக்கரை, ராத்திரி குருதி பூஜை, மரத்தில் ஆணி. அதிலும் தீரவில்லையென்றால் குணசீலம், இல்லை ஏர்வாடி. ஏர்வாடிக்கு இந்துக்களும் போவார்கள், கிறிஸ்தவர்களும் போவார்கள். பேய்க்கு மதம் கிடையாது என்பதில் நம்மவர்கள் ரொம்பத் தெளிவு.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலை அந்த ஏர்வாடியில் என்ன நடந்தது என்று இன்றைக்கு இருபத்தைந்து வயசுக்காரர்களுக்குத் தெரியாது. தர்காவைச் சுற்றிக் கொட்டகை போட்டுத் தனியார் "மனநல இல்லங்கள்" நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப் போனார்கள். கத்தியது அக்கம்பக்கத்தில் கேட்டதாம். ஆனால் அங்கே கத்தல் கேட்பது தினப்படி வழக்கம் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அரசு அந்த மாதிரி இல்லங்களை எல்லாம் மூடி, ஐந்நூறு பேருக்கு மேல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 95-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவுக்குப் பின்னால் ஏர்வாடிச் சாம்பல் இருக்கிறது.

இதைச் சொன்னதும் பகுத்தறிவு நண்பர்கள் கைதட்டி, "பாத்தீங்களா, கோவிலும் தர்காவும் மூடணும்" என்பார்கள். அங்கேதான் எனக்கு ஒத்துவராது. அந்த 28 பேரை அங்கே கொண்டுவந்து விட்டது சாமி இல்லை. குடும்பம். விட்டுவிட்டு மாசாமாசம் மணியார்டர் அனுப்பிய குடும்பம். வீட்டில் வைத்திருந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று பயந்த குடும்பம். சங்கிலி இரும்பில் செய்தது என்றாலும் அதைக் காசு கொடுத்து வாங்கியது வெட்கம்.

இன்னொரு கதையும் சொல்கிறேன், இது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்று ஒரு கிராமம். அங்கே முத்துசாமி என்று ஒரு கோவில். மனசு சரியில்லாதவர்களைக் குடும்பத்தோடு கூட்டி வந்து தங்க வைப்பார்கள். நிம்ஹான்ஸ் டாக்டர்கள் அங்கே போய் உட்கார்ந்து 31 நோயாளிகளை அளந்து பார்த்தார்கள். பெரும்பாலும் தீவிரமான மனச்சிதைவுக்காரர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து கிடையாது, மந்திரவாதி கிடையாது, கட்டிப்போடுவதும் கிடையாது. காலையில் பூஜை, அப்புறம் கூட்டுவது, செடிக்குத் தண்ணி ஊற்றுவது என்று சின்னச் சின்ன வேலை. முடிவில் நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஏர்வாடித் தீக்கு அடுத்த வருஷம்! மருந்தே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள், அந்த டாக்டர்களும் அப்படிச் சொல்லவில்லை. நான் பார்ப்பது வேறு. யாரும் கேலி செய்யாத ஒரு இடம், கூடவே சொந்தக்காரர், வேளாவேளைக்குச் சோறு, கையில் ஒரு வேலை. இவ்வளவு இருந்தாலே ஒரு மனுஷன் கொஞ்சம் தேறுகிறான். அப்படியானால் நம் வீடுகளில் எதுவெல்லாம் இல்லை?

கோவிலும் டாக்டரும் ஒரே வாசலில் இருக்க முடியாதா என்றால், முடியும். குஜராத்தில் உனாவா என்ற ஊர் மீரா தாதர் தர்காவில் 2008-ல் "தவா, துவா" என்று ஆரம்பித்தார்கள். மருந்தும் பிரார்த்தனையும். முஜாவர்களே பார்த்து, இது எங்கள் வேலையில்லை, பக்கத்து அறையில் டாக்டர் இருக்கிறார், போய்ப் பார் என்று அனுப்பி வைப்பார்கள். பின்னால் ஏர்வாடிக்கும் அந்த முறை வந்தது. குணசீலத்தில் கோவிலோடு சேர்ந்தே அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஒரு மண்டலம், 48 நாள் தங்குகிறவர்களை மனநல மருத்துவரும் பார்க்கிறார். சாமிக்கு இதில் ஒரு கோபமும் வந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தார், மாங்காய் சீசன் உச்சத்தில். சாவு வீட்டில் அக்கா அழவேயில்லை. ஒப்பாரி வைக்க வந்த கிழவிகள் கட்டிப்பிடித்து உலுக்கியும் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு சாப்பாட்டை நிறுத்தினாள். அப்புறம் பேச்சை. மூன்றாம் மாசம் வாசலைப் பார்த்து, வந்துட்டீங்களா என்று கேட்க ஆரம்பித்தாள். புருஷன் ஆவி பிடித்துவிட்டது என்று முடிவாயிற்று. மாசாணியம்மன், சோட்டானிக்கரை, நடுவில் ஒரு ஜெபக்கூட்டம், கடைசியில் ஏதோ ஒரு ஊரில் வேப்பங்குலையால் அடித்து ஓட்டுகிறவன். அவன் மட்டும் நாற்பதாயிரம் வாங்கினான். பணம் எல்லாம் மஸ்கட்டிலிருந்து அக்காவின் தம்பி அனுப்பியது. ஒவ்வொரு பரிகாரத்துக்கும் கேட்ட அன்றே பணம் வந்துவிடும், ஒரு கேள்வி கிடையாது.

பிறகு ஆஷா வேலை பார்க்கும் ஒரு பெண்தான், மாசத்துக்கு ஒரு நாள் மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், சும்மா ஒரு தடவை காட்டலாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். டாக்டர் கேட்டது அதிகமில்லை. தூக்கம், சாப்பாடு, அப்புறம் "அவரைப் பத்திச் சொல்லுங்க". அக்கா இரண்டு மணி நேரம் அழுதாளாம். தீவிர மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். மஸ்கட் தம்பியிடம் இதைச் சொன்னதும் அவன் கேட்டது: "மெண்டல் மாத்திரையெல்லாம் எதுக்கு? பழகிரும். ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன ஆகறது?" நாற்பதாயிரத்துக்குக் கேட்காத கேள்வி, இலவச மாத்திரைக்கு வந்தது.

அக்கா இப்போது தோப்புக் குத்தகைக் கணக்கைத் தானே பார்க்கிறாள். அமாவாசைக்கு மாசாணியம்மனுக்கும் போகிறாள். ஏன் போகக் கூடாது?

வெளிநாட்டில் இருக்கும் நமக்குத்தான் இந்தப் பதிவு. ஊரில் எந்த வைத்தியம் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் பணம் அனுப்புகிறவன். நாம் அனுப்புகிற ரூபாய்க்கு ஓட்டுரிமை உண்டு. பரிகாரத்துக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே போனில் "டாக்டர்கிட்டயும் காட்டுனீங்களா?" என்று ஒரு வாக்கியம் கேளுங்கள். போதும்.

நம் கதையும் ஒன்றும் பிரமாதமில்லை. ஒப்பாரி என்று சொன்னேன் இல்லையா? அது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று இங்கே வந்த பிறகுதான் புரிகிறது. செத்தவரைப் பற்றி ஊர்ப் பெண்கள் சத்தம் போட்டுப் பாடி, திட்டி, கணக்குத் தீர்த்து, அழாதவளையும் அழவைத்து, மூன்றாம் நாள், பதினாறாம் நாள், வருஷ திவசம் என்று துக்கத்துக்குக் காலண்டர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இங்கே அப்பா போய்விட்டார் என்று போன் வந்தால் மூன்று நாளோ ஐந்து நாளோ லீவு. ஊருக்குப் போய் இறங்கவே ஒன்றரை நாள். 2020 மார்ச்சில் விமானத்தை நிறுத்தினார்களே, அப்போது எத்தனை பேர் பெற்ற தாய்க்குக் கொள்ளி வைப்பதைச் செல்போன் திரையில் பார்த்தார்கள்? பார்த்துவிட்டு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங்கில் உட்கார்ந்தார்கள். அந்த அழுகை எங்கே போயிற்று? வற்றிவிடவில்லை, உள்ளேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்கால மனக்காயங்களைப் பற்றி 1998-லேயே புத்தகம் எழுதியவர். காணாமல் போனவர்களுடைய குடும்பங்கள் பற்றி அவரும் மற்றவர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது, உடல் இல்லை, அதனால் சடங்கு இல்லை, அதனால் துக்கம் முடிவதேயில்லை என்பது. ஈஸ்ட்ஹாமில் முருகன் கோவிலுக்கு வரும் ஈழத்துக் குடும்பங்களில் அப்படிப் பத்துப் பதினைந்து வருஷமாக முடியாத துக்கங்கள் உண்டு. அதற்கு அர்ச்சனை டிக்கெட் மட்டும் போதாது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி, பரம்பரையாக சர்ச்சுக்குப் போகிறவர். அவர் மகன் உடைந்துபோய் வீட்டில் கிடந்தபோது சபையில், ஜெபத்தில் குறை இருக்கிறது, அதுதான் என்றார்களாம். என் அத்தை சொல்கிற அதே வசனம்! "சாமிக்கு ஏதோ குறை வெச்சிருக்கீங்க." ஆனால் அவர்கள் டாக்டரிடம் போகத் தயங்குவதற்கு நம்மிடம் இல்லாத ஒரு காரணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின்கீழ் கட்டாயமாகப் பிடித்து வைக்கப்படுகிறவர்களில் கறுப்பினத்தவர் விகிதம் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல். 1998-ல் டேவிட் பென்னட் என்ற 38 வயது கறுப்பினத்தவர் நார்விச்சில் மனநல மருத்துவமனையிலேயே, ஊழியர்கள் தரையில் அழுத்திப் பிடித்ததில் செத்துப்போனார். இப்படி ஒரு சரித்திரம் இருந்தால் யார்தான் நம்பிப் போவார்கள்? ஆகவே நம்பிக்கை, சந்தேகம் இரண்டையும் கேலி செய்யாதீர்கள். சங்கிலி தர்காவிலும் இருந்தது, வேறு உருவத்தில் ஆஸ்பத்திரியிலும் இருந்திருக்கிறது. கேட்க வேண்டியது எந்த இடம் என்பதை அல்ல. அங்கே அந்த மனுஷனை என்ன செய்கிறார்கள் என்பதை.

எங்கள் ஊரிலும் அந்த மாதிரி ஒரு விஷயம் உண்டு, சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி 2017-ல் பத்திரிகையில் அடிபட்டது. டீக்கடையில் தனி கிளாஸ், தண்ணீர் பிடிப்பதில் பாகுபாடு என்று அங்கிருக்கும் சக்கிலியர் குடும்பங்கள் புகார் சொன்னார்கள். கேரளமே "எங்கள் ஊரிலா?" என்று அதிர்ச்சியானது. (எங்களுக்கு ஆகவில்லை.) மனநோயிலும் அதே தனி கிளாஸ்தான். தோப்புக்காரர் வீட்டுப் பையன் அறையை விட்டு வெளியே வராவிட்டால் "டென்ஷன்". காலனிப் பையன் வராவிட்டால் "குடி, வேற என்ன?" ஒரே நோய்தான், பெயர்தான் இரண்டு. முதல் பையனை ரகசியமாகக் கோயமுத்தூருக்குக் காரில் கூட்டிப்போவார்கள். இரண்டாமவனை யாரும் எங்கேயும் கூட்டிப்போக மாட்டார்கள்.

எல்லைக்காரனுக்கு இன்னொரு சிக்கல், பாஷை. கால் உடைந்தால் எந்த பாஷையிலும் கட்டுப் போடலாம். மனசு அப்படியில்லை, சொன்னால்தான் வைத்தியம். திருச்சூர் மனநல மையத்துக்குப் போனால் மலையாளத்தில் சொல்ல வேண்டும். சந்தையில் பேரம் பேச வரும் மலையாளம், "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று சொல்ல வராது. கோயமுத்தூருக்குப் போனால் பாஷை உண்டு, ஆனால் தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்குத்தான். லண்டனில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கும் இதே கதைதானே? பேரனை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு எந்தப் பாட்டி மனசைத் திறப்பாள்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்து தருவார்கள்.

விசா போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: இங்கே மனநல சிகிச்சைக்குப் போனதற்காக வேலை விசாவை ரத்து செய்வதில்லை. டாக்டர் உங்கள் ஆபீசுக்குக் கடிதம் போட மாட்டார். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு ஆரோக்கியக் கட்டணம் விசாவோடு கட்டுகிறீர்கள். பேச்சு சிகிச்சைக்கு இங்கிலாந்தில் நீங்களே நேராகப் பதிந்துகொள்ளலாம். கட்டிய காசுக்கு எதையும் விடாத ஜாதி நாம். பஃபேயில் கடைசி குலாப்ஜாமூன் வரை எடுக்கிறோம், இதை மட்டும் ஏன் விடுகிறோம்?

இந்தியாவில் 2017 சட்டப்படி மருத்துவக் காப்பீடு உடல்நோய்க்கு என்ன விதியோ அதையே மனநோய்க்கும் தர வேண்டும். நிறுவனங்கள் இழுத்தடித்ததால் 2022 அக்டோபரில் காப்பீட்டு ஆணையம் மறுபடி ஒரு குட்டு வைத்தது. பெற்றோருக்கு பாலிசி எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது கல்யாணம். "ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிரும்" என்று சொன்ன வாய்க்கு இன்னும் ஒரு வைத்தியம் கண்டுபிடிக்கவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை, வெளிநாட்டுப் பெண் என்றால் இன்னும் வசதி, அக்கம்பக்கம் விசாரிக்க முடியாது. மாத்திரையை ஒளித்துக் கல்யாணம் செய்து வைப்பார்கள். தெரிந்துவிடுமே என்று மணப்பெண் மாத்திரையை நிறுத்துவாள். மூன்றாம் மாசம் இரண்டு குடும்பமும் வக்கீல் வீட்டில். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு இருந்தால் கல்யாணத்துக்குத் தடை என்று ஒரு காலத்தில் எழுதியிருந்தது. 1999-ல் திருத்தி எடுத்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாயிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து போனது, ஜாதகத்தோடு சேர்த்து விசாரிக்கிற மாமாக்களின் பட்டியலிலிருந்து போகவில்லை. சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொன்னதால் ஓடிப்போகிற சம்பந்தம், தெரிந்தபின் அடிக்கிற சம்பந்தத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம். ஊரில் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் அடிக்கடி பார்த்தது. அண்ணனின் கணக்கில் பணம் எடுக்கத் தம்பி வருவார், ரேகை வைத்த ஸ்லிப்போடு. "அவருக்கு என்னுங்க?" "கொஞ்சம் காய்ச்சலுங்க." மூன்று வருஷமாகக் காய்ச்சல்! உண்மையைச் சொன்னால் கணக்கை முடக்கிவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டத்தில், மனநோயாளியின் சொத்தைப் பார்த்துக்கொள்ள மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வழி இருந்தது. 2017 சட்டம் சிகிச்சை விஷயத்தில் எவ்வளவோ முன்னேற்றம், ஆனால் அந்த அத்தியாயத்தையே விட்டுவிட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்கு நேஷனல் ட்ரஸ்ட் சட்டத்தில் காப்பாளர் நியமிக்கலாம், மனநோய் அதில் வராது. கோமாவில் கிடப்பவர்களுக்காகக் கேரள உயர்நீதிமன்றம் 2019-ல் ஷோபா கோபாலகிருஷ்ணன் வழக்கில் வழிமுறை வகுத்தது. மற்றவர்களுக்கு, பெரும்பாலும் உயர்நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். இந்த ஓட்டையைப் பற்றி நம் சங்கங்கள் ஒரு மனு கொடுத்தால் பொங்கல் விழாவில் நடிகரைக் கூப்பிடுவதைவிடப் பிரயோஜனம்.

அதுவரை செய்யக்கூடியது, ஆள் தெளிவாக இருக்கும் காலத்திலேயே கணக்கை அவர் சம்மதத்தோடு கூட்டுக் கணக்காக மாற்றுவது, நாமினியைப் பதிவது. அதோடு 2017 சட்டம் இன்னொரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பதினெட்டு வயசு நிரம்பிய யாரும், நோய் இருக்கோ இல்லையோ, "நாளைக்கு எனக்கு மனசு கலங்கினால் இப்படிச் சிகிச்சை செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள், என் சார்பில் பேச வேண்டியவர் இன்னார்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அந்த "இன்னார்" வங்கிக் கணக்கை இயக்க முடியாது, சிகிச்சை விஷயத்தில் மட்டும்தான் துணை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வங்கிக்கு வந்து மேனேஜரிடம் சண்டை போடாதீர்கள்.

நம்பர் கேட்டு மின்னஞ்சல் வரும் என்று தெரியும், இப்போதே கொடுத்துவிடுகிறேன். இந்தியாவில் 14416, டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 1056, திஷா. இங்கிலாந்தில் அவசரம் என்றால் 111 அடித்து 2 அழுத்துங்கள், பேச ஒரு ஆள் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ் 116 123. அம்மாவின் செல்லில் 14416-ஐ நீங்களே பதிந்து கொடுங்கள், "மெண்டல் ஆஸ்பத்திரி" என்று பெயர் போடாமல்.